வீட்டு எண்ணிலிருந்து வரும் கடிதம்

பிப்ரவரி 3
காலையில் மின்சாரம் போய் வந்தது. ரவுட்டர் எழுந்ததும் இணைய எண் மாறிவிட்டது. இந்த இணைப்புக்கு நிலையான விலாசம் கிடையாது. ஒவ்வொரு முறையும் புது எண்ணை என் இணையப் பெயரோடு ஒட்டிவைக்க நானே ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். ஒட்டியது. என் சொந்த மின்னஞ்சல் சர்வர் ஓடுகிறது, சமையலறை அலமாரியில், மிக்சிக்குப் பக்கத்தில்.

பிப்ரவரி 5
குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்பிய புகார் திரும்பி வந்தது. வீட்டு இணைப்பிலிருந்து வரும் அஞ்சலை நம்ப மாட்டார்களாம். என்ன திமிர்!

பிப்ரவரி 6
குப்பை அஞ்சல் குவிகிறது. எல்லாம் யார் யாருடைய வீட்டுக் கணினிகளிலிருந்தோ. நானும் அதே தடையைப் போட்டேன். மறுப்பு வாசகம் என் சொந்தச் சரக்கு: “வீட்டு எண்ணிலிருந்து வரும் கடிதம் இங்கே ஏற்கப்படாது. முறையாக வரவும்.”
அவர்கள் செய்வது திமிர். நான் செய்வது தற்காப்பு.
தடையும் வாசகமும் அடங்கிய அமைப்புக் கோப்பை என் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். யாராவது எடுத்துக்கொள்ளட்டும். இதுவரை ஏற்றிய எதையும் எவனும் எடுத்ததில்லை.

பிப்ரவரி 11
மகன் மாதக் கடைசியில் வேலைக்காக வெளிநாடு போகிறானாம். அவன் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறான். என்னோடு பேச்சு நின்று ஒரு வருஷம். கடைசியாகப் பேசியபோது, “எதுக்குப்பா இந்த மல்லுக்கட்டு? எல்லாரையும் போல ஓசியில ஒரு முகவரி வாங்கிக்கங்க” என்றான். “அடுத்தவன் பெட்டியிலேருந்து எனக்கு எழுதாத. தைரியம் இருந்தா சொந்தமா சர்வர் வச்சு எழுது” என்றேன்.
சொன்னது சொன்னதுதான்.

பிப்ரவரி 14
ஒன்றும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

பிப்ரவரி 19
மனைவி போனை வைத்துவிட்டு நேரே வந்தாள்.
“ஏங்க, உங்களுக்காகப் பிள்ளை மெனக்கெட்டு அவன் வீட்டுலயே சர்வர் போட்டானாம். கிளம்புறதுக்கு முன்னாடி வந்து பாக்கலாமான்னு எழுதினானாம். முறையா வாடான்னு திருப்பி அனுப்பிட்டீங்களாமே? உங்களுக்கு நெஞ்சு இருக்கா, இல்ல அங்கயும் ரவுட்டர்தானா?”
சர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். மூன்று முறை தட்டியிருக்கிறான். மூன்று முறையும் என் வாசகம்.
சர்வர் சொன்ன வேலையைத்தான் செய்தது — சொன்னது யாரு? நான்தானே.
தடையை எடுத்தேன்.

பிப்ரவரி 20
“வா. எப்போது வேண்டுமானாலும்.” அனுப்பிய கையோடு திரும்பி வந்தது: “வீட்டு எண்ணிலிருந்து வரும் கடிதம் இங்கே ஏற்கப்படாது. முறையாக வரவும்.”
என் கோப்பை எடுத்து அப்படியே போட்டிருக்கிறான். ஒரு வரிகூட மாற்றவில்லை.
அவள் போனைக் கேட்டேன். மிக்சியை நிறுத்திவிட்டுக் கொடுத்தாள்.
“சொல்லும்மா” என்றான்.
“உன் சர்வர் சரியா வேலை செய்யுது” என்றேன்.

“உங்க கோப்புதானேப்பா.”

பிப்ரவரி 28
காலையில் மின்சாரம் போய் வந்தது. எண் மாறியது. கிளம்புமுன் அவன் வந்து அலமாரியில் விட்டுப்போன சர்வர் பெட்டிக்கும் இனி இதே எண்தான். இரண்டு பெயரையும் ஒட்டினேன்.
மிக்சியை அவள் வேறு தட்டுக்கு மாற்றிவிட்டாள்.