பாதிப் படத்தில் சாகிறவர்

மார்ச் 9

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நாளெல்லாம் புத்தகம் படிக்கலாம் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். இன்று ஒரு பக்கம் நகரவில்லை. காரகோல் ஊரே 'நான்கு மாமன்களும் ஒரு ஜீப்பும்' பார்க்க வந்துவிட்டது. இரண்டாம் காட்சிக்கு நானும் உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படம்: நான்கு பேர் ஒரு ஜீப்பைத் தள்ளுகிறார்கள். ஜீப்பின் நடிப்பு பரவாயில்லை.

கதாநாயகனின் அப்பாவாக நடிகர் கெங்கேஷ். வழக்கம்போல் ஒட்டுத்தாடி, வழக்கம்போல் பாதிப் படத்தில் சாவு. மகன் மாஸ்கோவில் கார் கழுவுகிறான் என்று கேட்டதும் நெஞ்சைப் பிடித்தார். முதலில் வலதுபக்கம். பிறகு ஞாபகம் வந்து இடதுபக்கம்.

அம்மா வீடு வரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 23

'சம்பந்தி வந்தாச்சு'. கெங்கேஷ் இதில் பெண்ணின் அப்பா. எண்ணெயில் பொரித்த பூர்சோக் உருண்டை தொண்டையில் அடைத்துச் சாகிறார். சாகும் முன் மகளுக்கு நீளமாகப் புத்திமதி சொல்கிறார், ஒரு சொல்கூடத் திக்காமல். அவ்வளவு நேரமும் அந்தப் பூர்சோக் எங்கே காத்திருந்தது?

படம் ஓட்டுகிற எர்மெக்கிடம் இதைச் சொன்னேன். காட்சி தொடங்கியதும் டீக் கோப்பையோடு என் ஜன்னலுக்கு வந்துவிடுவான். குனிந்து குனிந்து சிரித்தான். பிறகு, "இதை நான் வேற ஒருத்தர்கிட்ட சொல்லலாமா?" என்றான்.

"யாருகிட்ட?"

"பிஷ்கெக்ல ஒருத்தர். சினிமாப் பைத்தியம்."

சொல்லிக்கொள் என்றேன். நான் யாரிடமும் அதிகம் பேசாதவள். என் அபிப்பிராயம் மட்டும் தலைநகர் போய் வருகிறது.

ஏப்ரல் 14

'பனிமலை போலீஸ்'. குற்றவாளி யாரென்று சுவரொட்டியைப் பார்த்தாலே தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியாது. கெங்கேஷ் சாட்சி. குற்றவாளியின் பெயரில் பாதியைச் சொல்லிவிட்டுச் சாகிறார். மீதிப் பாதியைத் தேடி மொத்தப் போலீசும் மலை ஏறுகிறது. பூர்சோக்கோடு பேசத் தெரிந்தவருக்கு ஒரு பெயரை முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

மே 2

எர்மெக் கையைப் பிடித்தான். இதற்குமேல் எழுதமாட்டேன்.

மே 3

கொஞ்சம் எழுதலாம். கை சூடாக இருந்தது. நாளெல்லாம் படம் ஓட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பதால் இருக்கும்.

ஜூன் 11

'குதிரை விற்பனைக்கு அல்ல'. அழகான குதிரை. கெங்கேஷ் அதன்மேலிருந்து விழுந்து சாகிறார். விழும் முன் கீழே மெத்தை இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். குதிரையும் பார்த்தது.

அம்மாவுக்கு அழுகை நிற்கவில்லை. "எத்தனை பிள்ளைங்களைத்தான் அநாதையா விட்டுட்டுப் போவாரு இந்த மனுஷன்."

"அவர் நடிகர்மா."

"நடிகன்னா வயசாகாதா? எண்பது இருக்கும். இந்த வயசுல போயிக் குதிரைமேல ஏத்தறாங்களே, பாவிங்க."

நான் சொன்னதை எர்மெக் மறுநாளே பிஷ்கெக்குக்குச் சொல்லிவிட்டானாம். "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "படத்தை மறுபடி போட்டுப் பாக்கறேன்னாரு," என்றான்.

ஆகஸ்ட் 30

வீட்டில் சொல்லிவிட்டோம். அவன் வீட்டார் வருகிறார்கள். அவன் அம்மா என் காதில் தோடு போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது; போடாமல் எழுந்து போனாலும் பேச்சு முடிந்தது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்து பொண்ணு புத்தகம் படிக்குதுன்னு நெனச்சேன்."

"படிச்சேன்மா."

"ம். நல்லாத்தான் படிச்சிருக்க."

செப்டம்பர் 6

எர்மெக்: "நாளைக்கு எங்க ஆளுங்கள்ல யாரைப் பாத்தும் நீ சிரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

ஏன் இப்படிச் சொல்றான்? யாருக்கு என்ன? எதுவுமே சொல்லமாட்டேங்குறான். தூக்கம் வரல.

செப்டம்பர் 7

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு காரில் வந்தார்கள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எர்மெக்கின் அப்பா, அம்மா, அப்பாவின் அண்ணன் இசாபெக். இசாபெக் மாட்டு டாக்டர். அந்த வீட்டில் மூத்தவர். கடைசியாகப் பின்சீட்டிலிருந்து ஒரு கால் நீண்டது, ஜீப் படத்தில் நீண்டதுபோலவே. கெங்கேஷ். தாடி இல்லாமல்.

எர்மெக் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் சித்தப்பா," என்றான்.

பிஷ்கெக்ல ஒருத்தர். சினிமாப் பைத்தியம். ஐயோ, எல்லாத்தையும் சொல்லியிருக்கான். வலதுபக்கம், பூர்சோக், மெத்தை — எல்லாத்தையும்.

டீ ஊற்றவேண்டியவள் நான்தான். கெங்கேஷ் கோப்பையை நீட்டி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மெத்தையைப் பாத்தது அவ்வளவு தெரிஞ்சுதாம்மா?" என்றார்.

விரிப்பெல்லாம் டீ.

"குதிரை பாத்தது நிஜம்," என்றார். "அதுக்கு என்னைவிடப் பயம்."

பிறகு கறி வந்தது. ஆட்டுத் தலை வந்தவர்களில் மூத்தவருக்கு. இது அம்மாவுக்குத் தெரியாதா? அவள்தான் ஊருக்கே சொல்லிக்கொடுப்பவள். அப்பா தட்டை இசாபெக் பக்கம் திருப்பினார். அம்மா அதைப் பிடுங்கி, கண் கலங்க, கெங்கேஷின் முன்னால் வைத்தாள்.

"நீங்க எடுத்துக்கங்க. எத்தனை பிள்ளைங்களைக் கரையேத்திட்டுக் கண்ணை மூடினவரு."

கெங்கேஷுக்கு ஐம்பத்தொன்று. கல்யாணமே ஆகவில்லை. இசாபெக் எழுபதைத் தாண்டியவர்.

இசாபெக் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "கண்ணாடியை வண்டியில மறந்துட்டேன்," என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. வெளியே போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் இல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. எர்மெக்கின் அம்மா மடியில் திறந்து வைத்திருந்த தோட்டுப் பெட்டியை மூடினாள். சின்னச் சத்தம்தான்.

அம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது; முகத்தில் ரத்தமே இல்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு வரி இல்லை. கெண்டியோடு நின்றேன்.

அப்போது கெங்கேஷ் நெஞ்சைப் பிடித்தார். முதலில் வலதுபக்கம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இசாபெக் தொப்பி விழ ஓடிவந்து, தம்பி பக்கத்தில் மண்டியிட்டு, கன்றுக்குட்டிக்குச் செய்வதுபோல் இமையை இழுத்துப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்லையும் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மாறியது.

"அண்ணா," கெங்கேஷ் முனகினார். "தலை உங்களுக்கு... நான் வெறும் துணை நடிகன்... போறேன்..."

"போ. தலையைக் குடுத்துட்டுப் போ."

"பொண்ணு நல்ல பொண்ணு... டீதான் கொட்டுவா... வாய் கொஞ்சம் ஜாஸ்தி... ஆனா சொன்னதெல்லாம் சரி..."

"எவ்வளவு நேரம்டா சாவ? கறி ஆறுது."

முதலில் சிரித்தது அப்பா என்று நினைக்கிறேன். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அம்மா மட்டும் அழுதுகொண்டே, "பெரியவரே, என் கண்ணுதான் கெட்டுப்போச்சு," என்றாள்.

"கண்ணு இல்ல. சினிமா," என்றார் இசாபெக். உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்து, காதை அறுத்து நீட்டினார். காது சின்னப் பசங்களுக்குக் கொடுப்பது. "இந்தா, சின்னவனே."

பிணம் எழுந்து உட்கார்ந்து காதைத் தின்றது.

பெட்டி மறுபடி திறந்தது.

என் அபிப்பிராயம்: வசனம் நீளம். ஆனாலும் இவர் இதுவரை செத்ததில் இதுதான் சிறந்தது.

செப்டம்பர் 8

காது கனக்கிறது. கழற்றமாட்டேன்.

நவம்பர் 24

ஜீப் படத்தின் இரண்டாம் பாகம். மாமன்கள் இம்முறை ஜீப்பை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறார்கள். முதல் பாகத்தில் செத்த அப்பாவுக்கு ஓர் இரட்டைச் சகோதரர். அவரும் சாகிறார். நேராக இடதுபக்கமே பிடித்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இனி இவரைப் பற்றி என்னால் நடுநிலையாக எழுதமுடியாது.

எர்மெக் மேலே படம் ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு பக்கம் அம்மா. அவளுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா. படத்துக்காக வந்தவர் காலையில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். பூர்சோக்கை ஒவ்வொன்றாக மென்று, நான் பார்க்கிறேனா என்று பார்த்துப் பார்த்து விழுங்கினார்.

திரையில் அவர் கண்ணை மூடியதும் அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். சித்தப்பா கைக்குட்டையை நீட்டினார். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

"தங்கமான மனுஷன்," என்றாள் அவரிடம். "எங்களுக்குச் சொந்தம்."