திருகை இறுக்காதீர்கள்

என்னங்க,

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் எரிபொருளில் ஓடும் தன் குட்டிப் பொம்மை விமானத்தின் என்ஜின் சத்தத்தைப் போனில் கேட்க வேண்டுமாம் உங்கள் மகனுக்கு. "அப்பாதான் ஓட்டணும்மா. இந்தக் குளிர்ல அவரால முடியுதான்னு பார்க்கலாம்" என்கிறான். நீங்கள் இருவரும் போட்ட சண்டைக்குப் பிறகு இன்றுதான் "அப்பா" என்று சொன்னான்.

என்ஜினை வெந்நீர்ப் பையோடு போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். சூடு ஆறுமுன் எடுங்கள். எரிபொருள் திருகை வழக்கம்போல் இறுக்கித் தொலைக்காதீர்கள்; குளிரில் கொஞ்சம் தளர்த்தினால்தான் பிடிக்கும். முன்னாலிருக்கும் விசிறியைக் குச்சியால் தட்டிச் சுழற்றுங்கள், விரலைக் கொடுக்காதீர்கள்.

பி.கு.: அவன் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவனுக்குத் தெரியாது.

இன்னொன்று: என்ஜின் ஓடாவிட்டால் போனை வைத்துவிடாதீர்கள். திட்டவாவது செய்யுங்கள். அவன் உங்கள் குரலைக் கேட்கட்டும்.