காலி நாற்காலிக்கு ஒரு வாழையிலை

அக்கா,

இன்று காலை தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். கோட்டில், போரில் செத்தவர்களின் நினைவுக்குக் குத்துகிற காகிதப் பொப்பிப் பூ, அதன் கீழே பதக்கங்கள். பதக்கங்களை அப்போதுதான் மினுக்கியிருக்க வேண்டும். அந்தப் பொலிஷ் மணம் மூக்கில் ஏறியதும் நான் பஸ்ஸில் இல்லை. அந்தப் பட்டாள மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையில், உங்களுக்குப் பக்கத்தில், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் நவம்பர் இது.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது அது. சிங்கப்பூரிலிருந்து வந்து லண்டனில் காலூன்றிய நீங்கள், கல்யாணங்களுக்கும் விருந்துகளுக்கும் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த நான் உங்களுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வயதில் கொஞ்சம் இளையவள், வாயில் உங்களுக்குச் சமம். மலாயாவில் நெடுங்காலம் இருந்த ஒரு வெள்ளைக்காரப் படைப்பிரிவின் ஓய்வுபெற்ற ஆட்கள் வருசத்துக்கு ஒரு நாள் கூடி, மத்தியானம் ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிடுவார்கள். நாடுகளை விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கறியை விட முடியவில்லை, பாவம். அந்தச் சமையலை நீங்கள் ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று அவர்கள் தங்கள் படையின் வரலாற்றைத் தடித்த புத்தகமாக அச்சடித்து, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒன்று வைத்திருந்தார்கள். சோறு வேகும் நேரத்தில் நீங்கள் ஒன்றை எடுத்து வந்து புரட்டினீர்கள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"தங்கச்சி, இங்க பாரு. இந்த நாய்க்குப் பேரு டாம். முழுப் பக்கத்துக்குப் படம். ஜப்பான்காரன் வந்தப்ப இதையும் கப்பல்ல ஏத்திக் காப்பாத்தினாங்களாம்."

"நல்ல விசயம்தானே, அக்கா?"

"எங்கப்பா இவங்களுக்குத்தான் சமைச்சாரு. எங்கப்பாவைத் துறைமுகத்துலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. கப்பல்ல இடமில்லைன்னாங்க."

கப்பலில் இடம் கிடைக்காமல் துறைமுகத்தில் நின்ற அந்த மனிதரைப் பிறகு ஜப்பான்காரர்கள் சயாமுக்குத் தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. புத்தகமோ, படையினர் அனைவரும் பத்திரமாகக் கப்பலேறினர் என்றது. உங்கள் அப்பாவுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அதில் "விசுவாசமான உள்ளூர்ச் சமையற்காரர்கள்" என்று அரை வரி இருந்தது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நாய்க்குப் பெயர் எழுதத் தெரிந்த கைக்கு மனிதனின் பெயர் எழுதத் தெரியாமல் போய்விட்டதாம்!

நீங்கள் கத்தவில்லை. சாமான் ஏற்றி வந்த வேனுக்குப் போய், அடுத்த நாள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு வாழையிலையை உருவி எடுத்து வந்தீர்கள்.

போரில் செத்த தோழர்களுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விடுவது அவர்களுடைய வழக்கம். செத்தவர்களின் பெயர்களை வாசித்து முடித்த பிறகுதான் சாப்பாடு. நீங்கள் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் இலையைப் போட்டீர்கள். சோறு, ஆட்டுக்கறி, பருப்பு, அப்பளம் என்று நிறையப் படைத்தீர்கள். பக்கத்தில் கறுப்புக் கோப்பி ஒரு கோப்பை. சமையலறை வாசலில் நின்ற மண்டபத்து வேலையாளிடம் ஒரு சிகரெட் வாங்கி அதையும் வைத்தீர்கள். செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்காமல் நாங்கள் வாயில் வைப்பதுண்டா?

அந்தக் கூட்டம் என்ன செய்தது, ஞாபகமிருக்கிறதா? கைதட்டியது! தங்களுடைய ஆட்களுக்குத்தான் நீங்கள் மரியாதை செய்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கிழவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். தலைவராக இருந்த பழைய அதிகாரி எழும்பி நின்று உங்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்.

"இது உங்கள் ஆட்களுக்கு இல்லை," என்று ஆங்கிலத்தில் நிறுத்திச் சொன்னீர்கள். "என் அப்பாவுக்கு. உங்களுக்குச் சமைத்தவர். நீங்கள் விட்டுவிட்டு வந்தவர். அவர் பெயர் மாரிமுத்து. அந்தப் பெயரையும் வாசியுங்கள். வாசித்தால் பரிமாறுவேன்."

இது அதற்கான இடமில்லை, அம்மணி, என்றார் தலைவர். அப்படியென்றால் வெறும் பாண் ரொட்டியைத் தின்னுங்கள் என்றீர்கள்.

ஊரில் பட்டாளத்தைக் கண்டு ஓடி ஒளிந்தவள் நான். காக்கிச் சட்டை கண்டாலே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, சோறு ஆறுது. சனமெல்லாம் பாத்துக்கொண்டு இருக்குது. விடுங்கோ."

"ஆறட்டும். எங்கப்பா எத்தனை வருசமா அந்தத் துறைமுகத்துல நிக்கிறாரு. இவங்க ஒரு மத்தியானம் பசியோட உக்காரட்டும்."

கடைசியில் உங்களுக்குத் துணைக்கு வந்தது மனச்சாட்சி அல்ல, ஆட்டுக்கறி. பின்வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த ஒரு பழைய சிப்பாய், "அந்தப் பெயரை வாசித்துத் தொலையுங்கள், பசி உயிர் போகிறது!" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் சமைத்ததை நானும் சாப்பிட்டிருப்பேன். நாங்கள் எல்லாச் சமையற்காரரையும் சாமி, சாமி என்றுதான் கூப்பிட்டோம். பெயர் கேட்டதே இல்லை," என்றார்.

தலைவர் வாசித்தார். நாக்கு உருண்டு புரண்டு பெயர் நொறுங்கிப்போய் வந்தது. "மறுபடியும்," என்றீர்கள். மறுபடியும் வாசித்தார். அதற்குப் பிறகே கரண்டியைத் தூக்கினீர்கள். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு கோபத்திலும் உப்புப் புளி சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வருசம் அவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். புத்தகத்திலும் ஒரு எழுத்து மாறவில்லை. போகட்டும் என்று விடுகிற ஆளா நீங்கள்? அந்த மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் அவர்களுடைய நினைவுக்கல் இருக்கிறது. நவம்பர் தோறும் அங்கேயும் பெயர் வாசிப்பார்கள். "பொது ரோட்டு. நம்மளை யாரு தடுக்கிறது?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவீர்கள். அவர்கள் முடித்ததும் பின்னாலிருந்து உங்கள் குரல் எழும்பும். "மாரிமுத்து. சமையற்காரர்." நான் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். இத்தனை வருசத்தில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நீங்கள் இருக்கும்போது எனக்கு என்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேதான் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், கேட்க ஆளில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டைகள், ஊதுகொம்பு, பெயர்கள். வாசித்து முடிந்தது. பின்னாலிருந்து எழும்ப உங்கள் குரல் இல்லை, அக்கா. நான் சொன்னேன். "மாரிமுத்து. சமையற்காரர்."

வாசித்த இளம் அதிகாரி திரும்பிப் பார்த்தான். "யார் அது?" என்றான்.

"உங்கட ஆள்தான்," என்று தமிழிலேயே வாய் முந்திவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "உங்களுடைய சமையற்காரர். நாயை ஏற்றிக்கொண்டு அவரை விட்டுவிட்டு வந்தீர்கள்."

அவன் கையிலிருந்த தாளை மடித்தான். நான் இன்னொரு தரம் அந்தப் பெயரைச் சொன்னேன், தெருவுக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.