காலி விமானத்தில் எனக்கு இடம் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நலமில்லாதவை என் இடது முழங்காலும் குளியலறைக் குழாயும்தான்; இரண்டையும் ஆள் வந்து பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது என்று ஒரே பதிலைச் சொல்லிப் போயிருக்கிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்ப விரும்புகிறேன், போன வாரம் திரையில் தெரிந்த உன் கண்கள்தான் நம்பவிடவில்லை.

நீ அனுப்பிய இரண்டு வேலை ஒப்பந்தங்களையும், அவற்றை ஒப்பிட்டு நீ போட்ட மதிப்பெண் பட்டியலையும் உன் தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்தான். கொடுத்துவிட்டுச் சும்மா போகாமல், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கே சண்டை போடுகிற நீ ஜெட் ஓட்டுகிறவளுக்கு ஆலோசனை சொல்லப்போகிறாயா என்று என்னைக் கேட்டான். விமானம் எனக்குத் தெரியாது, ஒப்பந்தம் தெரியும், காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் சின்ன எழுத்தைப் படித்துத்தான் உனக்குச் சோறு போட்டேன் என்றேன். என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

சாப்பாட்டு மேசையில் இரண்டையும் அருகருகே விரித்து மூன்று காலைகள் படித்தேன். முதலாவது ஒரே முதலாளியின் சொந்த விமானம். சம்பளம் கூடுதல், தங்குவது ஐந்து நட்சத்திர விடுதி, பின்னால் இலவச டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் பயணப் புள்ளிகள் எல்லாம் உன் பெயரிலேயே சேரும், முதலாளியை இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்பும்போது குடும்பத்தார் இலவசமாக ஏறிக்கொள்ளலாம். இரண்டாவது பல விமானங்களை வாடகைக்கு விடும் நிறுவனம். சம்பளம் சற்றுக் குறைவு, விடுதி சுமார். ஆனால் பதினேழு நாள் வேலை பார்த்தால் பதின்மூன்று நாள் உன்னுடையது, விமானம் எந்த ஊரில் நின்றாலும் உன் வீட்டிலிருந்து போய்வர டிக்கெட் அவர்கள் பொறுப்பு, மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரும் உண்டு. நீ முதலாவதற்கு நான்கு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்திருக்கிறாய். கூட்டல் சரிதான், கூட்டப்பட்டதுதான் சரியில்லை. கடைசி வரிசையில், அம்மா இலவசமாக வந்து பார்க்கலாம் என்று எழுதி முதலாவதற்குப் பத்துக்குப் பத்தும் இரண்டாவதற்குச் சுழியும் போட்டிருக்கிறாய். அந்த வரிசையை அடித்துவிட்டேன். இப்போது இரண்டாவது ஆறு மதிப்பெண் முன்னால் நிற்கிறது.

போன வருடம் உன் பழைய வேலையில் இதே சலுகையை நான் அனுபவித்தது உனக்கு மறந்துவிட்டதா? மெத்தை போன்ற இருக்கையில் இரண்டு மணி நேரம் மகாராணியாக வந்தேன். நடுவழியில் எவரோ ஒரு வாடிக்கையாளர் மனம் மாறினார், விமானம் வேறு திசைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது, யாரையும் தெரியாத ஓர் ஊரில் நீ என்னை இறக்கிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பறந்து போனாய். வெள்ளித் தட்டில் நீட்டிய பாதாம் பருப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வீடு திரும்பினேன். கடைசி வரிசை, ஜன்னல்கூட இல்லை. அது போகட்டும், முதல் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைப் படித்தாயா? குடும்பத்தார் என்றால் கணவனும் பிள்ளைகளும் மட்டுமே என்று இருக்கிறது. அதன்படி நான் உனக்கு யாருமில்லை. விடுப்பு முதலாளியின் தேவைக்கேற்ப என்றும் இருக்கிறது. சாதாரணத் தமிழில் அதற்கு விடுப்பு இல்லை என்று பொருள்.

நீ பட்டியலில் சேர்க்கவே சேர்க்காத ஒன்று இரண்டாவது ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. உடல்தகுதிச் சோதனையில் தேறாமல் உரிமம் போய்விட்டால் மூன்று வருடச் சம்பளம், விரும்பினால் தரையில் ஒரு வேலை. முதலாவதில் அந்தப் பேச்சே இல்லை. இறங்கும்போது காது அடைத்துக்கொள்கிறது, இரண்டு நாள் இரைச்சல் போவதில்லை என்று போன மாதம் சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் அப்பா சிரிக்கவில்லை. கப்பல் இயந்திர அறையில் அவருடைய காது போனபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது, உனக்கு ஒன்பது. அடுத்த சோதனையில் தகுதியில்லை என்றார்கள். அவருடைய ஒப்பந்தத்திலும் அந்தப் பேச்சு இல்லை. கூடத்தில் பத்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் அன்று நிறுவனம் கொடுத்து அனுப்பியது. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஒன்பதாம் பக்கத்தை அவர் காதுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன், பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது உன் சலுகைகளை அறிவார்கள். கேட்டுவிட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்தார். பிறகு, "நம்ம கேப்டனுக்குச் சுவர்க் கடிகாரம் வேண்டாம்னு எழுது" என்றார். நான் எழுதுவதற்குள் பேனாவைப் பிடுங்கி, நான் அடித்த வரிசைக்குக் கீழே உரிமம் போனால் என்று தானே ஒரு வரிசை சேர்த்து, இரண்டாவதற்குப் பத்துக்கு நூறு போட்டுவிட்டார். கணக்கில் தவறியவர்களை வாழ்நாளெல்லாம் திருப்பி அனுப்பியவள் நான், இதைத் திருத்தவில்லை. அந்தத் தாளை அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன்.

கையெழுத்து உன்னுடையது, நான் கையைப் பிடித்து எழுதவைக்கப்போவதில்லை. எதில் சேர்ந்தாலும் முதலில் காது மருத்துவரைப் பார், அவர் சொல்வதைக் காப்பீட்டுப் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுது. மறைத்துச் சேர்ந்தவர்கள் பின்னாளில் இழப்பீடு கேட்டு வந்து நின்றபோது, முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்ன நாற்காலி என்னுடையது. பதின்மூன்று நாளில் மூன்று நாள் இங்கே வந்து போ, நான் வந்துதான் உன்னைப் பார்க்க வேண்டும் என்பதில்லை.

ஏறுவதும் இறங்குவதும் உனக்கு என்றும் சீராக அமையட்டும், உன் காதுகள் எங்கள் திட்டுகளை நீண்ட காலம் கேட்கட்டும். வியாழக்கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்று இரண்டு ஒப்பந்தங்களிலும் இருக்கிறது, மறவாதே.

இப்படிக்கு,
பதினோராம் பக்கத்தின்படி உனக்கு யாருமில்லாத
உன் அம்மா