காது மிஷின் வந்த பிறகு

கீழ்க்கட்டளை
28-11-1993

அன்பு மகன் சிட்டிபாபுவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, பின்பக்கம் கூரை ஷீட் ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன், அதை நினைத்து நீ அங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கடிதம் கிடைத்தது. அதில் நீ, நான் சத்தம் தாங்காதவன், சட்டென்று கண் கலங்குகிறவன், ஆபீசில் யாரையோ மேனேஜர் திட்டினால்கூட எனக்குச் சோறு இறங்குவதில்லை, இப்படிப்பட்டவன் ஒரு பெண்ணை எப்படி வைத்துக் காப்பாற்றுவது, முடிச்சூர் பெண் வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இங்கே நடந்த ஒன்றை எழுதியாக வேண்டும்.

எனக்குக் காது மிஷின் வந்துவிட்டது. சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு திருகு. தெருவில் நடந்தால் கிரிக்கெட் கமெண்டரி கேட்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் ஸ்கோர் கேட்டுவிட்டார்கள். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன், உன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டே புடைத்தாள். அவள் வாய் அசைவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், என்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அவள் பாடுவாள் என்பது எனக்குத் தெரியாதடா. அரிசி முறத்தில் விழுவது ஒரு சத்தம், வளையல் ஒரு சத்தம், ஒழுகுகிற தண்ணீர் வாளியில் சொட்டுவது ஒரு சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டது, எல்லாம் சேர்ந்தும் கேட்டது. உலகத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று அப்படியே நின்றுவிட்டேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவள் நிமிர்ந்து பார்த்து, இன்னாயா இது, உம்புள்ள மாதிரி நின்னுகினு அழுவற என்றாள்.

அதற்கப்புறம் கேள். மிக்ஸி போட்டாள், குக்கர் விசில் அடித்தது, பக்கத்து வீட்டில் டேப்ரிக்கார்டர், ரோட்டில் லாரி ஹாரன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மண்டைக்குள் யாரோ புகுந்துவிட்ட மாதிரி இருந்தது, திருகைக் குறைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. எனக்குத் திருகு இருக்கிறது. நீ பிறந்த நாளிலிருந்து குறைக்க வழியில்லாமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறாய், பரீட்சை எழுதியிருக்கிறாய், ஏரோப்ளேன் ஏறிப் போய் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாய். உன்னைப் போய் பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன். இவன் எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமந்துகொண்டு நம் எதிரிலேயே நடமாடியிருக்கிறான் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

உனக்கு எட்டு வயதில் நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வேட்டுச் சத்தத்துக்குப் பயப்படுகிறான், பழக்கினால் சரியாகிவிடும் என்று உன்னை நான் வேலை பார்த்த கல் குவாரிக்குக் கூட்டிப்போனேன். சிவப்புக் கொடி காட்டி விசில் ஊதியதும் நீ காதைப் பொத்தினாய், நான் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கி அழுத்திக்கொண்டேன். வேட்டு வெடித்தது, நீ நிஜாரையே நனைத்துவிட்டாய். அதைச் சாயந்திரம் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நான் செய்தது தப்பு. அப்பாவை மன்னித்துவிடு. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குவாரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒவ்வொரு வேட்டுக்கும் நான் பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்திருக்கிறேன். காது மந்தமாக ஆக ஆகத்தான் நிம்மதி வந்தது, அதை எல்லோரும் தைரியம் என்றார்கள், நானும் அப்படியே நம்பிவிட்டேன். உன் சுபாவம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் தேடாத இடம் இல்லை, என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. அறுபத்தொரு வயதில் அது தெரிந்தது, வெட்கமாக இல்லை, யாரோ நெருங்கின சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இனி முடிச்சூர் விஷயம். வியாழக்கிழமை மிஷினை மாட்டிக்கொண்டு பெண்ணைப் பெற்ற பொன்னுரங்கம் வீட்டுக்குப் போய் நீ எழுதியதை ஒன்றுவிடாமல் சொன்னேன், சத்தம், கண் கலங்குவது, சோறு இறங்காதது எல்லாம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போ இன்னாத்துக்கு வந்து பொண்ணப் பாத்தீங்க, ஊர்ல நாலு பேருக்குச் சொல்லியாச்சே என்று குதித்தார், நியாயம்தானே, நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். உள்ளேயிருந்து பெண் கங்கையம்மாள் வெளியே வந்தாள். நீ லீவில் வந்தபோது பார்த்ததுதான், அன்றைக்கு வாயே திறக்காதவள் இப்போது பேசினாள். அன்னிக்கு பஜ்ஜி போடசொல்ல கையில எண்ணெ பட்டுடுச்சு, வூட்ல அத்தினி பேர் இருந்தாங்க, ஒருத்தரும் பாக்கல, அவரு தட்டு வாங்கசொல்லவே பாத்துட்டாரு, மருந்து போட்டீங்களான்னு கேட்டாரு, கேக்கசொல்ல அவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, அதனாலதான் நான் சரின்னு சொன்னேன், அதையே கொறயா சொல்லி வேணான்னா எப்படி என்றாள். பொன்னுரங்கம் அதோடு உட்கார்ந்துவிட்டார். அவள் கையைப் பார்த்தேன், தழும்பு இருக்கிறது, நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டேன்.

நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் அதை இனி நீயேதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும். தீர்க்காயுசாக, இப்படியே, இந்த மனசோடேயே இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. நான் கிளம்பும்போது அந்தப் பெண் வாசல் வரைக்கும் வந்து, மாமா, அவருகிட்ட எவ்ளோ மெதுவா பேசினா அவருக்குப் புடிக்கும் என்று கேட்டாள். உன்னைப் பெற்று இருபத்தேழு வருஷம் ஆகிறது, நானோ உன் அம்மாவோ ஒரு நாளும் உன்னைக் கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. நீ அவளுக்கே எழுது, விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. ஏகநாதன்