நாலாம் குழி

5.10.96, சனி
காலையிலிருந்து தூறல். கல்லூரித் தோட்டம் முழுக்கக் கரையான், மாதிரிகளைப் புதைக்க லாயக்கில்லை. ஆற்றங்கரை வாழைத்தோட்டத்தில் இடம் கிடைத்தது.

பாக்டீரியா தரும் பிளாஸ்டிக் மக்கும். ஆனால் அப்பளமாய் நொறுங்கும். ரப்பர் கலந்தால் வளைகிறது. கலந்தபின் மக்குமா? ஆராய்ச்சிக்கு கைடு கேட்பது ஒன்றே ஒன்று: மண்ணுக்குள் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

நாலு குழி, குழிக்கு நாலு கலவைப் பட்டை. நாலாவது குழி மருத மரத்தடியில். தோட்ட வேலைக்காரர் சுடலைமுத்து வெட்டமாட்டேன் என்றுவிட்டார். "அங்கன வேண்டாம்மா. யாரும் மம்பட்டி போடமாட்டாவ." பாம்புப் பயமாக இருக்கும். நானே தோண்டினேன்.

வாங்க வேண்டியது: மண் தட்ட பழைய பிரஷ் போதாது, புதிது. சீயக்காய்.

19.10.96
கு. 1, 2, 3: பட்டைகள் ஓட்டை ஓட்டையாக. எடை குறைவு. நல்லது.
கு. 4: எடை குறையவே இல்லை. எல்லாம் மடங்கிக் கிடந்தன. படுக்கையாகத்தான் வைத்தேன். ரப்பர் சுருங்கும், சரி. நாலுமா மரத்தின் பக்கமாகவே மடங்கும்? தொட்டால் இளஞ்சூடு. மழை நாளில்.

மத்தியானம் வீட்டுக்காரரிடம் மருத மரத்தடி என்றேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "ஏட்டி, ஊர்ல வேற எடமே இல்லையா?" ஏன் என்று கேட்டால் தட்டிலேயே கை கழுவி எழுந்துவிட்டார். எரிச்சல்.

20.10.96
பிள்ளை ஞாபகம். நாலு வருஷம் ஆகிறது. ஒரு நாள்தான் இருந்தான். இவரும் மாமனாரும் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எங்கே என்று பெற்றவளிடம் சொல்கிற வழக்கமில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தொட்டிலுக்கு வாங்கிய சிவப்பு ரப்பர் விரிப்பிலேயே சுற்றினார்கள். ஓரத்தில் மஞ்சள் நாடா, என் கைத்தையல். மூன்று சின்னத் தையல், ஒரு பெரிய தையல், கோணல்மாணலாக. மாமியார்கூடச் சிரித்தார்.

2.11.96
மழை விட்டது. கு. 4. பட்டைகள் வைத்த இடத்தில் இல்லை. இன்னும் ஆழத்தில், மரத்தின் பக்கம் நகர்ந்து. தோண்டிக்கொண்டே போனேன்.

"யம்மா, போதும். பச்சப்புள்ளையள வைக்கிற எடம்மா இது." சுடலைமுத்து அழுகிற குரலில்.

கையில் ஒரு சிவப்பு ஓரம். நாடா இல்லை, நூல் இல்லை. ஊசித்துளை மட்டும். மூன்று நெருக்கமாக, ஒன்று தள்ளி.

இழுக்கவில்லை. பழக்கத்தில் விரல் அதை வளைத்துப் பார்த்துவிட்டது. பட்டைகளை மேலே வைத்து மூடினேன். எடை போடவில்லை.

வீட்டில் இவர் என் கை மண்ணைப் பார்த்தார். "பாத்துட்டியாட்டி?"

கைடு கேட்டதற்குப் பதில் இருக்கிறது. நாலு வருஷம். இன்னும் வளைகிறது.