இரண்டு கோட்டிங் அடித்தும் தெரிகிற இடம்

விஜயநகர், மைசூரு
புதன்கிழமை

அன்புள்ள மாதுவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

வக்கீலைப் பார்த்தேன். நம் வீட்டு ஏலத்தைத் தள்ளிப்போட இரண்டு வழி சொன்னார். கொஞ்சம் பணம் கட்டி வங்கியில் அவகாசம் கேட்கலாம். இல்லையென்றால் மனுப் போட்டுத் தடை வாங்கலாம்.

ஒரு வேடிக்கை கேள். இப்போது நான் பெயிண்ட் அடிக்கிற வீடும் ஏலத்தில் போனதுதான். வாசல் சுவரில் வங்கி ஒட்டியிருந்த நோட்டீஸை நான்தான் வெந்நீர் ஊற்றிச் சுரண்டினேன். பழைய ஆட்கள் என்ன செய்து பார்த்தார்கள் என்று, வாங்கியவரான சம்பத்குமாரிடம் கேட்டேன்.

"பணம் கட்டி ஒரு வாட்டி தள்ளி வச்சாங்க, கோர்ட்டுல ஒரு வாட்டி. மூணாவது வாட்டி ஆகலை கணோ. கூடுதலா ஒரு வருஷம் இருந்தாங்க, அவ்வளவுதான்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். நல்ல மனிதர், டீ கொடுத்தார்.

நோட்டீஸ் இருந்த இடம் மட்டும் இரண்டு கோட்டிங் அடித்தும் தெரிகிறது.

மனுவுக்குப் பத்திர நகல் வேண்டுமாம், அனுப்பு. கூடவே என் பழைய போர்வையும் வை. இங்கே குளிர்.

வீடு பார்க்க யாராவது வந்தால் சண்டை போடாதே. என் நம்பரைக் கொடு. வாங்குகிறவர் எப்படியும் பெயிண்ட் அடிப்பார். அடுப்படிச் சுவரில் எங்கே ஓதம் ஏறும் என்று வேறு ஆளுக்குத் தெரியாது.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

சென்றாயன்